ஆடியில் பிரிக்காத போர்டு

சன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி, எனக்கு வேண்டாமுங்க. மடியில பை இருக்குது, வெயில் படக்கூடாது. நகைக்கடைப் பைதான், ஆனா உள்ள நகை இல்லீங்க. நகையா இருந்தாக்கூட நிம்மதியா பஸ்ஸுல தூங்கிட்டு வருவன். இது கம்ப்யூட்டர் போர்டுங்க. மதர்போர்டும்பாங்கல்ல, அது. கம்ப்யூட்டருக்குள்ள அத்தன சாமானும் இதுமேலதான் உக்காரோணும். உக்காரலீங்க. அதான் எடுத்துட்டுப் போறன்.

நமக்கு ஊரு கோபிங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஈஸ்வரா மோட்டார்ஸ் நாச்சிமுத்துன்னா யாரும் கை காட்டுவாங்க. போர் மோட்டாரு, ஸ்டார்ட்டரு, பைப்பு, எல்லாம் நம்ம கடைதான். எங்க பக்கம் பாதித் தோட்டத்துல ஓடற மோட்டார் நான் குடுத்ததுதானுங்க. பெருமைக்குச் சொல்லல. மெசினு வாங்கத் தெரியாத ஆளில்ல நான், அதுக்கோசரம் சொல்றன். அப்படியாப்பட்ட நான் ஒரு போர்டு வாங்க முடியாம கோயமுத்தூருக்கும் கோபிக்கும் அலையறனுங்க. எதுனால? கேக்க ஆளில்ல. வெவரம் தெரிஞ்ச ஆள் ஒண்ணு இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். யாரக் கேக்கறது, சொல்லுங்க?

எல்லாம் என்ற புள்ளைக்குத்தானுங்க. தாரணின்னு பேரு. ஒரே புள்ள. கட்டடப் படிப்புப் படிச்சா. கட்டடம் கட்டறதுக்கு முன்னாலயே கட்டி முடிச்ச மாதிரி கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் காட்டறா பாருங்க, சன்னல் வழியா தரையில விழற வெயிலு வரைக்கும் வரும். நான் ஒருக்கா நெசமாலுமே போட்டோன்னு நெனச்சு, இது யாரு ஊடுன்னு கேட்டுப்போட்டன். பெங்களூர்ல ஒரு கம்பெனி வேலை குடுத்தாங்க. அவங்க சொன்னது என்னன்னா, ஊட்டுல நல்ல சக்தியுள்ள கம்ப்யூட்டர் சொந்தமா இருந்தா ஊர்ல இருந்தே வேலை பாக்கலாம். இல்லீன்னா ஆவணி பொறந்ததும் பெங்களூர் ஆபீசுக்கு வந்து சேரோணும். அவ்வளவுதான் கணக்கு.

அவளுக்கும் ஊர்ல இருக்கத்தான் இஷ்டமுங்க. அவங்கம்மாவ உட்டுட்டு இருக்கமாட்டா. எனக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு புள்ள, அதயும் பஸ் ஏத்தி உட்டுட்டு ஊட்டுல என்ன பண்றது? ஊட்டுல இருந்த கம்ப்யூட்டர் அவ காலேஜ் சேர்ந்தப்ப வாங்கினது. ஒரு படம் போட்டா ஒறைஞ்சு போய் நிக்கும். பத்துப் பேர் ஏறின டிவிஎஸ் வண்டி மாதிரி மொனகும்.

இந்தச் சமயம் பாத்து என்ற மச்சினன் துபாய்ல இருந்து வந்தானுங்க, சென்னியப்பன். பூங்கொடிக்குத் தம்பி. பூங்கொடிதான் என்ற ஊட்டுக்காரி. வந்தவன் சும்மா வரலீங்க. புதுசா வந்த ப்ராசஸர் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி அதுதானாம். பாத்தா பிஸ்கட் அளவுதான் இருக்குது. அத வெத்தல பாக்கு, பழம், பூவோட தட்டுல வெச்சு, தாய்மாமன் சீருன்னு புள்ளை கையில குடுக்கறான். ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் இருக்கறாங்க. இவ அத நெஞ்சோட வெச்சுக்கிட்டுக் குதிக்கறா. மாமனுக்குத்தான் தெரியுது பாரு புள்ளைக்கு என்ன வேணும்னுன்னு ஒரு அம்மா எங்காதுபடச் சொல்லுது. எனக்கு எப்படி இருக்கும்?

நான் சபையிலயே சொல்லிப்போட்டனுங்க. மாப்ள, மூளைய நீ குடுத்துட்டே, சந்தோசம். மத்ததெல்லாம் அப்பன்காரன் நான் பாத்துக்கறன். போர்டு, மெமரி, எல்லாம் என்ற பொறுப்பு. யாரும் ஒண்ணும் வாங்க வேண்டாம், யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவன் எதோ போர்டு பேரு சொல்ல வாயத் தொறந்தான். கையக் காட்டி நிறுத்திட்டன். சீர் குடுத்தவன்கிட்டயே மிச்சத்தையும் கேட்டா, அப்பன்னு ஒருத்தன் எதுக்குங்க?

அதுல இருந்து ஆரம்பிச்சாளுங்க என்ற புள்ள. காலைல இட்லியோட உக்காந்தா அந்தப் பேச்சுத்தான். "அப்பா, இது புது ப்ராசஸருங்கப்பா. இதுக்குன்னே வந்த புது சாக்கெட் போர்டுதான் வாங்கோணும், பழைய சாக்கெட்டுக் குழியில இது உக்காராது. மெமரி டிடிஆர் அஞ்சு. நாலு இல்லீங்கப்பா, அஞ்சு. ரெண்டு பட்டையா, ஒரே ஜோடியா வாங்குங்க." ராத்திரி சோத்துக்கு உக்காந்தா மறுபடியும் அதே. கோயில் நோம்பிக்கு ஸ்பீக்கர் கட்டின மாதிரி. எனக்கு மனப்பாடமே ஆயிருச்சுங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன். புது சாக்கெட், டிடிஆர் அஞ்சு, ரெண்டு பட்டை, ஒரே ஜோடி. கொழந்தைக அப்படித்தானுங்க, ஒண்ணு மனசுல புகுந்தா அதயே சொல்லிட்டிருக்கும். நாமதான் வெவரம் தெரிஞ்ச நாலு பேரக் கேட்டு முடிவு பண்ணோணும்.

கேட்டனுங்க. கேக்காம இல்ல. எங்க தெருவுக்குக் கேபிள் டிவி போடற ரத்தினத்தக் கேட்டன். அவரு வயரு, பொட்டின்னு அதுலயே பொழங்கற ஆளு. அவரு சொன்னாரு, அண்ணா, போர்டுன்னா கனமா இருக்கோணும், லேசா இருந்தா சீக்கிரம் சூடாயிரும்னு. எனக்கும் அது சரின்னு பட்டுது. மோட்டார்லயும் அப்படித்தானுங்க, கனமா இருந்தா உள்ள செம்பு நல்லா சுத்தியிருக்குதுன்னு அர்த்தம்.

என்னமோ சொல்ல வந்தீங்களே? சித்த இருங்க தம்பி, இதச் சொல்லி முடிச்சிர்றன்.

ஆனி கடைசியில கெளம்பினன். "நானும் வர்றனுங்கப்பா"ன்னு செருப்பப் போட்டுட்டு வாசல்ல வந்து நிக்கறா. வேண்டாம் கண்ணு, இந்த வெயில்ல கோயமுத்தூர் காந்திபுரத்துல கடைகடையா நிக்கோணும், நீ ஊட்டுல இருன்னு சொல்லிட்டன். அப்பன் மேல நம்பிக்கை இல்லியான்னு சிரிச்சுட்டே கேட்டன். செருப்பக் கழட்டிட்டு உள்ள போய்ட்டா. தங்கமான புள்ளைங்க, எதிர்த்துப் பேசாது.

கடைக்காரன் இருக்கறானே, அவனச் சொல்லோணும். போனதும் போர்டு வேணும்ன்னன். என்ன ப்ராசஸர் சார்ங்கறான். நல்ல ப்ராசஸர், துபாய்ல இருந்து வந்ததுன்னன். என்ன மாடல் சார்ங்கறான். புதுசுன்னன். பெட்டிய போட்டோ எடுத்துட்டு வந்திருக்கீங்களா, ஊட்டுல யாராச்சும் இருந்தா போன் போட்டுக் கேளுங்க சார்ங்கறான். எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. இத்தன வருசம் கடை நடத்தற ஆளு, கடையில நாலு பேர் முன்னால நின்னு மககிட்டப் போன் போட்டு என்ன வாங்கறது கண்ணுன்னு கேக்கறதா? கடை வெச்சிருக்கறவனுக்குத் தெரிய வேண்டாமுங்களா எதுக்கு எது சேரும்னு?

நம்ம கடைக்கு வாங்க, காட்டறன். ஒருத்தன் வந்து மோட்டார் குடுங்கண்ணான்னா நான் எடுத்துக் குடுக்கமாட்டன். போர் எத்தனையடி? தண்ணி எத்தனையடியில நிக்குது? சிங்கிள் பேசா, த்ரீ பேசா? முழிப்பான். தெரியாம எப்படிய்யா வாங்க வந்தே, ஊட்டுக்குப் போன் போடு, தண்ணி எடுத்து உடறவ உன்ற பொண்டாட்டிதான, அவளுக்குத் தெரியும், கேளுன்னு அங்கயே நிக்க வெச்சுக் கேக்க வெப்பன். கேட்டப்பறந்தான் மோட்டார். அது தொழில் சுத்தமுங்க. தெரிஞ்சவங்களக் கேக்காம மெசினு வாங்கறவன என்னால பொறுத்துக்கவே முடியாது.

செரி, கடைக்காரனுக்கு வருவம். மூணு நாலு போர்டு எடுத்து வெச்சான். ஒவ்வொண்ணாக் கையில தூக்கிப் பாத்தன். ஒண்ணு நல்ல கனம். மேல வெள்ளி மாதிரி தகடு, செதுக்கின மாதிரி வேலைப்பாடு. இதக் குடுங்கன்னன். சார், இது போன தலைமுறை போர்டு, உங்க ப்ராசஸர் புதுசுங்கறீங்க, பாத்துக்குங்கன்னான். அவன் வேற ஒண்ண விக்கறதுக்கு அடி போடறான்னு எனக்குத் தெரியாதுங்களா? நானும் கடைக்காரன்தான? இதுதான் வேணும், கட்டுன்னுட்டன்.

ஊட்டுக்கு வந்தா அடுத்த நாள் ஆடி.

ஆடியில புதுசா எதயும் ஆரம்பிக்கக் கூடாதுல்லீங்களா. நம்ம பக்கம் ஒரு செங்கல் எடுத்து வெக்கமாட்டாங்க. பெட்டிய மஞ்சத்துணியில சுத்தி, பூசை ரூம்ல மேல்தட்டுல வெச்சு, ஆவணி மொத முகூர்த்தத்துலதான் பிரிக்கோணும்னு சொல்லிட்டன். தாரணி மொகம் போன போக்கப் பாக்கோணுமே. "மாட்ட வேண்டாமுங்கப்பா, துணிய மட்டும் அவுத்துக் காட்டுங்க, பெட்டிக்கு வெளிய எழுதியிருக்கறத ஒருக்காப் படிச்சிர்றன்." படிக்கறதும் ஆரம்பிக்கறதுதான் கண்ணுன்னன். "ஆடி நோம்பியன்னைக்காச்சும் பிரிங்க, அது நல்ல நாள்தான"ன்னு பூங்கொடி எடுத்துக் குடுத்தா. ஆடின்னா ஆடிதான். எதோ ஒண்ணு ஆயிருச்சுன்னா அப்பறம் யாரு பதில் சொல்றது? புள்ளை எதிர்காலமுங்க அது. வெளையாடற சமாச்சாரமா?

ஆனா ஆடித்தள்ளுபடி போட்டிருந்தாங்க. வாங்கறது வேற, ஆரம்பிக்கறது வேற. அந்தக் கடைக்கே போய் மெமரியும் வாங்கிட்டு வந்தன். அந்த போர்டுக்கு டிடிஆர் நாலுதான் சார் சேரும்னான். எனக்கு உடனே புள்ளை பாட்டு ஞாபகம் வந்துச்சு, நாலு இல்லீங்கப்பா அஞ்சுன்னு. ஆனா போர்டு நாலு கேக்குது, நாம அஞ்சு வாங்கி என்னுங்க பண்றது? அதுவும் ரெண்டு சின்னப் பட்டை எதுக்கு, ஒரே பெரிய பட்டையாக் குடுன்னு வாங்கிட்டன். ரெண்டு சின்ன மோட்டார் போடறதுக்கு ஒரு பெரிய மோட்டார் போட்டா வேலை முடிஞ்சுதுல்லீங்களா. அதயும் அதே துணியில சுத்தி மேல வெச்சாச்சு. ஆடி முழுக்க காலைல வெளக்குப் பத்த வெக்கறப்ப அந்தப் பொட்டிக்கும் ஒரு பூ வெப்பன். அந்தளவு பயபக்தியா இருந்தனுங்க. அதச் சொல்லோணும்.

அவ என்ன பண்ணுவா, பூசை ரூம் வாசப்படியில வந்து நின்னு மேல பாத்துட்டுப் போவா. தொடமாட்டா. நான் சொன்னா சொன்னதுதான் அவளுக்கு.

ஆவணி மொத முகூர்த்தம். ரத்தினம் வந்திருந்தாரு, ஒத்தாசைக்கு. நல்ல நேரத்துல துணிய அவுத்து, பொட்டியப் பிரிச்சு, போர்ட வெளிய எடுத்து மனைப்பலகையில வெச்சன். நாலு மூலைக்கும் சந்தனம், குங்குமம். நடுவுல ஒரு பொட்டு. சூடம் காட்டினன். தாரணி எட்டிப் பாத்தாளுங்க. ஒரே பார்வைதான். மெதுவாச் சொல்றா: "அப்பா, இது இல்லீங்கப்பா."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சூடம் எரியறப்ப இல்லைங்கற வார்த்தைய வாயில எடுக்கலாமுங்களா? வேற நாள்ல சொல்லு, வேற நேரத்துல சொல்லு. நல்ல நேரம் முடியறதுக்குள்ள மாட்டோணும். அந்த ப்ராசஸர எடுத்து போர்டுல இருந்த குழியில வெச்சன். உக்காரல. "அப்பா, அழுத்தாதீங்க"ங்கறா. அட, எத்தன மோட்டாருக்குத் தட்டித் தட்டி கப்ளிங் உக்கார வெச்சிருக்கறன்? புதுசுன்னா கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும். கட்டை வெரல வெச்சு ஒரு அழுத்து அழுத்தினன்.

நறுக்குன்னு ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் இன்னும் எங்காதுல இருக்குதுங்க. குழிக்குள்ள முடி மாதிரி ஊசி ஊசியா நெறைய இருக்குமாம், அதுல ஒரு பக்கம் மடிஞ்சு போச்சு. அவ வந்து என்ற கைய எடுத்து உட்டுட்டு, ப்ராசஸர எடுத்து வெளிச்சத்துல பாத்தா. திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்பறம் துப்பட்டாவுல சுத்தி வெச்சுக்கிட்டா. "இதுக்கு ஒண்ணும் ஆகலீங்கப்பா. போர்டுதான் போச்சு"ன்னா. ஒரு வார்த்தை திட்டியிருந்தா எனக்குத் தேவலைங்க. அழுதிருந்தாக்கூடத் தேவல. தட்டுல இருந்த சூடம் அணையற வரைக்கும் நின்னுட்டு, உள்ள போய்த் துணி மடிக்க ஆரம்பிச்சிட்டா. பெங்களூருக்கு.

நான் உட்டனுங்களா? அடுத்த நாளே இந்தப் பொட்டியத் தூக்கிட்டு அந்தக் கடைக்குப் போனன். இந்த போர்டு எங்க ப்ராசஸருக்குச் சேரல, மாத்திக் குடுன்னன். பொட்டியத் தொறந்தவன் என்னப் பாக்கறான், போர்டப் பாக்கறான். சார், நீங்க வாங்கி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, மாத்தற கெடு அப்பவே முடிஞ்சுதுங்கறான். ஆடியில பிரிக்கமாட்டம்னு உனக்குத் தெரியாதான்னன். தெரியும் சார், ஆனா கம்பெனிக்கு ஆடி ஆவணி எல்லாம் தெரியாதுங்களேங்கறான். அதுக்கு மேல, சந்தனம் குங்குமம் வெச்சிருக்கீங்க, பின்னு மடிஞ்சிருக்குது, இத எப்படி சார் திருப்பி எடுப்பாங்கன்னு கேக்கறான். சாமி பேரச் சொல்லிப் பொட்டு வெச்சது ஒரு குத்தமாங்க? மெசினுக்குப் பொட்டு வெக்காம இருப்பாங்களா? அவன் கடைக் கல்லாப் பொட்டிக்கே நாலு பக்கமும் விபூதிப் பட்டை போட்டு நடுவுல குங்குமம் வெச்சிருக்கறான். நான் பாத்தனே.

புள்ளைய ஈரோட்டுல ரயில் ஏத்தி உட்டமுங்க. முறுக்கு, எள்ளுருண்டை, எல்லாம் பூங்கொடி கட்டிக் குடுத்தா. தாரணி சன்னல் கம்பியப் புடிச்சுட்டு சொன்னா: "அப்பா, கம்பெனியில பேசியிருக்கறனுங்கப்பா. தீவாளிக்குள்ள ஊட்டுல கம்ப்யூட்டர் ரெடி ஆச்சுன்னா நான் ஊருக்கே வந்தர்லாம். அதுக்கு மேல ஆச்சுன்னா அங்கயே நெரந்தரம் பண்ணிருவாங்க. ப்ராசஸர ஊட்டுலயே வெச்சுட்டு வந்திருக்கறன். நான் வேணா அங்கிருந்தே போர்டும் மெமரியும் ஆர்டர் போட்டறட்டுங்களா? ஊட்டுக்கே வந்துரும்." நான் சொல்லிட்டன். நீ சம்பாரிக்கப் போறது உனக்கு. மாமன் அவன் செய்யறத செஞ்சுட்டான், அப்பன் செய்யறத அப்பன் செய்வான். பார்சல் எதாச்சும் வந்துச்சு, வாசல்லயே திருப்பி அனுப்பிப்போடுவன்னன். "சரிங்கப்பா"ன்னா. ரயிலு நகர்றப்ப மறுபடியும், புது சாக்கெட்டுங்கப்பா, டிடிஆர் அஞ்சுன்னு கத்தறா. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் சிரிக்கறாங்க. நானும் சிரிச்சுட்டே ரயிலோட கொஞ்ச தூரம் நடந்தன்.

இல்லீங்க, வெயில் இல்ல. கண்ணுல தூசி. அந்தச் சன்னலக் கொஞ்சம் சாத்துங்க.

ஊடு ஊடா இல்லீங்க தம்பி. அதே இட்லிதான், அதே தட்டுதான். பூங்கொடி கொண்டாந்து வெப்பா. வாயத் தொறந்தா, "போர்டு என்னாச்சு?" அத மட்டும் கேப்பா. அலைஞ்சுட்டுத்தான இருக்கறன்னா, கரண்டியப் போட்டுட்டு உள்ள போயிருவா. முன்னெல்லாம் சாப்புடறப்ப புள்ளை பேசற பேச்சுல எனக்குச் சோறு எறங்காது, சித்த சும்மா இரு அம்மிணின்னு அதட்டுவன். இப்ப சட்னிக் கிண்ணம் வெக்கற சத்தம்கூடக் காதுல விழுது. புள்ளை இல்லாம என்னால இருக்க முடீலீங்க. வேற ஒண்ணும் சொல்லத் தெரீல எனக்கு.

அவ பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துக்குப் போன் பண்ணுவா. சாப்ட்டீங்களாப்பாம்பா, போர்டு பாத்தீங்களாப்பாம்பா. பாத்துட்டிருக்கறன் கண்ணும்பன். உடனே அந்தப் பாட்ட ஆரம்பிப்பா. தெரியும் தெரியும், வையின்னு வெச்சிருவன். வெச்சப்பறம் போனயே பாத்துட்டு உக்காந்திருப்பன்.

அதுக்கப்பறமும் ரெண்டு மூணு தடவ வந்துட்டனுங்க. வேற வேற கடை. எல்லாருக்கும் ஒரே கேள்வி. ப்ராசஸர் என்ன மாடலு, ப்ராசஸரக் கொண்டு வந்திருக்கீங்களா, பொட்டியக் கொண்டு வந்திருக்கீங்களா. தாய்மாமன் சீருங்க அது, அதப் பஸ்ஸுல, கண்ட எடத்துல தூக்கிட்டு வர முடியுங்களா? பூசை ரூம்ல வெச்சிருக்கறன். சரி, ஊட்டுல யாருக்காச்சும் தெரியுமா சார்ங்கறாங்க. ஊட்டுல யாருக்குங்க தெரியும்? எனக்குத் தெரியாது. பூங்கொடி பாவம் மிக்சியவே பயந்து பயந்து போடறவ. ரத்தினம் இப்ப நம்ம தெருப்பக்கமே வர்றதில்ல. எப்பத் திரும்புனாலும் வெறும் கையோடதான். தீவாளி வந்துருச்சு பாருங்க, ரோட்டோரம் பட்டாசுக் கடைக்குத் தகரம் அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. அந்தத் தகரத்தப் பாத்ததுல இருந்து நாள எண்ணிட்டிருக்கறன்.

அதான் இன்னைக்கு இந்த போர்டயே எடுத்துட்டுக் கெளம்பிட்டன். இதக் காட்டி, இது இல்லாம வேற ஒண்ணு குடுங்கன்னு கேக்கலாம்னு. வேற எனக்கு வழி தெரீல. மோட்டார்ன்னா எங்கிட்டக் கேளுங்க, கண்ண மூடிட்டுச் சொல்லுவன். இதுல கண்ணக் கட்டிக் காட்டுல உட்ட மாதிரி இருக்குது. ஒரு ஆள், வெவரமா ஒரே ஒரு ஆள் கெடைச்சாப் போதும், கால்ல உழுந்துகூடக் கேட்டுக்குவன்.

நானே பேசிட்டு வர்றன் பாருங்க. அவிநாசியில இருந்து நீங்களும் நாலஞ்சு தடவ வாயத் தொறந்தீங்க. ஹோப் காலேஜ் ஸ்டாப்பே வந்துருச்சு. தம்பி என்ன வேலை பாக்கறீங்க?

அட! கம்ப்யூட்டர் சர்வீசுங்களா? காந்திபுரத்துலயேங்களா? ஏனுங்க தம்பி, மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல! நான் ஊர்ல இருக்கற கடைக்கெல்லாம் அலையறன், தெய்வம் பக்கத்து சீட்டுலயே உக்கார வெச்சிருக்குது. சொல்லுங்க, சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க. பழைய ப்ராசஸர் இல்லீங்க, துபாய்ல இருந்து வந்த புதுசு. அதுக்கு என்ன வாங்கோணும்? இருங்க, மெல்லச் சொல்லுங்க. ம். இந்தப் ப்ராசஸருக்குன்னே வந்த புது சாக்கெட் போர்டு. ம். டிடிஆர் அஞ்சு. ரெண்டு பட்டை. ஒரே ஜோடி. ம்.

அப்பறம்?

அவ்வளவுதானுங்களா?

தம்பி, நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாது. இதயேதானுங்க என்ற புள்ளையும் சொல்லுவா. ஒரு எழுத்து மாறாது. நான் என்னமோ, நீங்க தொழில்ல இருக்கறவரு, உள்ள இருக்கற நுணுக்கமா எதாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தன். அவளுக்குத் தெரிஞ்சதுதான் உங்களுக்கும் தெரியுது. அவ சின்னப் புள்ளைங்க. ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா நான் எத நம்பிக் காசக் குடுக்கறது?

என்னங்க? அவளையே கேட்டா என்னங்கறீங்களா? அவளையேன்னா, எப்படீங்க...

இருங்க, போன் அடிக்குது. சட்டைப் பையில. சித்த இந்தப் பையப் புடிங்க, கீழ போட்றாதீங்க, நடுவுல பொட்டு வெச்சிருக்குது. யாரு பாக்கலாம். அவதானுங்க. தாரணி. எப்பவும் பொழுதோடதான் பண்ணுவா, இன்னைக்கு இந்நேரத்துக்கே அடிக்கறா. நான் கோயமுத்தூர் போறது பூங்கொடி சொல்லியிருப்பா. எடுத்தா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். புது சாக்கெட்டுங்கப்பா, டிடிஆர் அஞ்சுங்கப்பா.

எடுக்கலீங்க. போர்டு வாங்கி, கையில வெச்சுட்டு நானே கூப்புட்டு, வாங்கிட்டன் கண்ணு, நீ கெளம்பி வான்னு சொல்லோணும். அதுக்குத்தானுங்க இத்தன பாடும். வெறுங்கையோட என்ன பேசறது அவகிட்ட?

காந்திபுரம் வந்துருச்சுங்களா? பையக் குடுங்க. பாத்து எறங்குங்க தம்பி. மறுபடியும் அடிக்கறா பாருங்க. அடிக்கட்டும். இவகிட்ட அப்பறம் பேசிக்கலாம், நீங்க மொதல்ல எனக்குச் சொல்லுங்க. இத்தாப்பெரிய ஊர்ல நெசமாலுமே வெவரம் தெரிஞ்ச ஆளு, ஒரே ஒரு ஆளு, யாரைங்க நான் போய்க் கேக்கறது?